மூப்பும் மரபும்: தென்னாட்டு முதியோரை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

வினாவின் தோற்றம்

திருத்தணி மலைக்கு ஏறும் 365 படிகளும் ஓராண்டின் நாட்களைக் குறிப்பன என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஆங்கில ஆண்டு முடியும் டிசம்பர் 31ஆம் நாள், படிக்குப் படி மஞ்சள் குங்குமமிட்டுக் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் படித் திருவிழாக் கூட்டத்தில், எழுபது வயதாகிறது என்று சொல்லிக்கொள்ளும் இருவரில் ஒருவர் இளைப்பின்றி உச்சியை அடைவதையும், மற்றவர் பாதி வழியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதையும் எவரும் காணலாம். பஞ்சாங்கம் இருவருக்கும் ஒரே எண்ணிக்கையான ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறது. சரீரமோ அவற்றை ஒரே விதமாகச் செலவிடவில்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் பெற்றோர் வழி வந்த மரபணுக்களா, உண்ட உணவும் உழைத்த உழைப்பும் பட்ட வியாதிகளும் உடலில் பதித்துச் சென்ற தடங்களா, அன்றி இவை இரண்டும் கலந்ததோர் விளைவா என்னும் வினா, விஞ்ஞானிகளின் சோதனைச்சாலையைக் கடந்து, ஓய்வூதியம் வகுக்கும் அரசாங்கத்தாருக்கும், வயோதிகப் பெற்றோரை வீட்டில் வைத்துப் பேணும் குடும்பத்தாருக்கும் உரிய வினாவாகிவிட்டது.

2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி, அறுபது வயதை எட்டியவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். பெரிய மாநிலங்களுள் கேரளம் ஒன்றே இதில் நம்மை முந்தி நின்றது. நூறாண்டுகளுக்கு முன் சராசரி ஆயுள் முப்பதைக்கூட எட்டாதிருந்த தேசத்தில் இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது. மரபணுக்கள் நூறாண்டில் மாறுவன அல்ல. ஆகவே இம்மாற்றம் தடுப்பூசியும், குடிநீரும், உணவு விநியோகமும், பிரசவ வைத்தியமும் செய்த காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், இவ்வாறு நீண்ட ஆயுளின் இறுதிக் காலத்தை ஒருவர் தெளிந்த புத்தியோடும் மற்றொருவர் மறதி நோயோடும் கழிப்பது எதனால் என்று கேட்கும்போது, பரம்பரையின் பக்கம் திரும்பாமல் இருக்க முடிவதில்லை.

இவ்வினாவுக்கு உலகம் இதுவரை தேடிய விடைகளில் பெரும் பகுதி ஒரு சில ஜனசமூகங்களை மட்டும் ஆராய்ந்து பெற்றது என்பதும், அவ்விடைகளை அப்படியே பிற சமூகங்களின்மேல் ஏற்றிப் பார்ப்பது அளவுகோலையே பொருளென்று மயங்குவதாகும் என்பதும், தமிழரும் தெலுங்கரும் அடுத்தடுத்து வாழும் நம் எல்லைப்புறத்தைப் போன்ற இடங்களை ஆராய்ந்தாலன்றி இம்மயக்கம் தெளியாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பரம்பரையின் பங்கு

ஆயுளில் பரம்பரைக்குள்ள பங்கை அளக்க ஆராய்ச்சியாளர் முதலில் நாடியது இரட்டைப் பிறவிகளை. 1870 முதல் 1900 வரை டென்மார்க்கில் பிறந்த 2,872 இரட்டையர் ஜோடிகளின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1996இல் வெளியான ஆராய்ச்சி, மனிதருக்கு மனிதர் ஆயுளில் காணும் வேற்றுமையில் ஏறக்குறைய கால் பங்கே பரம்பரையால் ஆவது என்று கணித்தது. 2018இல் நாற்பது கோடிக்கு மேற்பட்டோரின் வம்சாவளிகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், அந்தக் கால் பங்கும் மிகை என்றும், உண்மையில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் வாதித்தனர். இரத்த உறவே இல்லாத கணவன் மனைவியரும், மணத்தால் மட்டும் உறவானவர்களும்கூட ஆயுளில் ஒத்திருந்ததைக் கண்டு, செல்வத்திலும் பழக்கத்திலும் தம்மை ஒத்தவர்களையே மனிதர் மணப்பதால் விளையும் ஒற்றுமையைப் பரம்பரையின் கணக்கில் எழுதிவிட்டோம் என்பது அவர்களுடைய நியாயம். எனினும், இத்தகைய பங்கீடு எங்கும் எக்காலத்துக்கும் நிலையான எண் அன்று. காலராவும் பஞ்சமும் வாரிக்கொண்டு போகும் நாட்டில் மரபணுவின் பங்கு சுருங்கும். எல்லோருக்கும் சோறும் மருந்தும் கிடைக்கும் நாட்டில் அதுவே பெருகித் தோன்றும்.

தனித்தனி மரபணுக்களைத் தேடியதில், பல சமூகங்களிலும் திரும்பத் திரும்பத் தென்பட்டவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, இரத்தத்தில் கொழுப்பை ஏற்றிச் செல்லும் புரதத்துக்குரிய ஏபிஓஈ. மற்றொன்று, ஹவாய்த் தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்து ஆண்களை ஆராய்ந்து 2008இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சீனத்திலும் உறுதி பெற்ற பாக்ஸோ-3. பொதுவான இவ்விரண்டைக் காட்டிலும் சுவையானவை, தமக்குள்ளேயே மணந்து வாழும் சிறு சமூகங்கள் வெளிப்படுத்தியவை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஆமிஷ் சமூகத்தாரில் செர்பைன்-1 என்னும் மரபணுவின் ஒரு பிரதி செயலற்றுப் போனவர்கள், ஏனைய உறவினரைவிடச் சராசரியாகப் பத்தாண்டு அதிகம் வாழ்வதையும், அவர்களிடம் நீரிழிவு அரிதாக இருப்பதையும் 2017இல் கண்டனர். இதற்கு எதிர்முகமாக, இளமையிலேயே நரையும் கண்புரையும் தோன்றும் வெர்னர் நோய் உலகிலேயே ஜப்பானில்தான் அதிகமாகக் காணப்படுகிறது; அதற்குரிய மரபணு 1996இல் இனம் காணப்பட்டது. ஆயுளை நீட்டுவதாயினும் குறைப்பதாயினும், அரிய மரபணு வேற்றுமை ஒன்று கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால், அது செறிந்து நிற்கும் சமூகத்தைத் தேடிச் செல்லவேண்டும் என்பது இவற்றால் பெறப்படும் பாடம்.

யாருடைய அளவுகோல்?

மரபணுத் தொகுதி முழுவதையும் அலசி நோய்க்குக் காரணம் தேடும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களுள் நூற்றுக்கு 78 பேர் ஐரோப்பிய வம்சத்தவர், 10 பேர் ஆசியர், 2 பேர் ஆப்பிரிக்கர் என்று 2019இல் கணக்கிட்டனர். இந்தச் சார்பின் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு வேற்றுமைகளைக் கூட்டி ஒருவருக்கு வரக்கூடிய நோயை முன்னறியும் மரபணு மதிப்பெண்கள், ஐரோப்பியரிடம் காட்டும் துல்லியத்தைத் தென்னாசியரிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், ஆப்பிரிக்கரிடம் முக்கால் பங்குக்கு மேலும் இழந்துவிடுகின்றன என்று அதே ஆண்டில் மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று.

ஏபிஓஈ மரபணுவின் ஈ-4 என்னும் வடிவத்தின் வரலாறு இதற்குத் தக்க உதாரணம். ஐரோப்பியரிடம் அல்சைமர் நோய்க்கு மிகப் பெரிய பரம்பரைக் காரணமாக விளங்கும் இவ்வடிவம், நைஜீரியாவின் இபாதான் நகரத்து யொரூபா முதியோரிடம் அத்தகைய தீங்கைக் காட்டவில்லை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரையும் இபாதானையும் ஒப்பிட்டு 1990களில் தொடங்கிய நெடிய ஆராய்ச்சி இதை வெளிப்படுத்தியது. நம் நாட்டில் டெல்லிக்கு அண்மையிலுள்ள பல்லப்கரின் கிராமத்து முதியோரையும் அமெரிக்காவின் மொனொங்ககேலா பள்ளத்தாக்கு முதியோரையும் ஒப்பிட்டு 2000இல் வெளியான ஆராய்ச்சியில், ஈ-4 வடிவம் இங்கே நூற்றுக்கு 7 என்ற அளவிலும் அங்கே 11 என்ற அளவிலும் இருந்தது. நோயும் இங்கே குறைவாகவே காணப்பட்டது. ஆயினும், வடிவத்தை உடையவர்க்கு அது விளைக்கும் அபாயம் இரு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றிற்று. ஒரே மரபணு ஒரு தேசத்தில் எமனாகவும், இன்னொன்றில் சாதுவாகவும், வேறொன்றில் அரிதாகவும் இருப்பதை அறியாமல், ஒரு தேசத்துப் பரீட்சையைப் பிற தேசத்தாருக்கு விற்பது வைத்தியமாகாது.

பல சமூகங்களையும் ஆராய்வது அச்சமூகங்களுக்கு மட்டும் செய்யும் உபகாரமன்று. அமெரிக்காவின் ஆப்பிரிக்க வம்சத்தாரில் நூற்றுக்கு இருவர் மூவருக்குப் பிசிஎஸ்கே-9 என்னும் மரபணுவின் ஒரு பிரதி செயலற்றிருந்ததும், அவர்கள் இரத்தத்தில் தீய கொழுப்பு குறைந்திருந்ததும், இருதய நோய் அவர்களை அணுகவே தயங்கியதும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் அறியப்பட்டிராவிடில், இன்று எல்லா நாட்டாருக்கும் தரப்படும் புதிய கொழுப்புக் குறைப்பு ஊசி மருந்துகள் அத்தனை விரைவில் பிறந்திரா.

நம் விவாக முறையும் முதுமை நோயும்

தென்னாட்டு மரபணு வரலாற்றின் விசேஷம் அதன் விவாக முறையில் அடங்கியிருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜும் லால்ஜி சிங்கும், அமெரிக்காவின் டேவிட் ரைக் முதலியோரும் சேர்ந்து 2009இல் தொடங்கி வெளியிட்ட ஆராய்ச்சிகள், இந்தியர் ஏறக்குறைய அனைவரும் பழைய வம்சங்களின் கலப்பினால் தோன்றியவர்கள் என்றும், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில் பரவலாக நடந்த அக்கலப்பு பின்னர் நின்றுபோய், தம் சமூகத்துக்குள்ளேயே மணக்கும் அகமண வழக்கம் வேரூன்றிற்று என்றும் காட்டின. 2017இல் 263 சமூகங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 81 சமூகங்கள் பின்லாந்து நாட்டாரையும் அஷ்கெனாசி யூதரையும்விடக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்பது புலனாயிற்று. இதன் விளைவு அறுவைச் சிகிச்சை அறையில் பிரத்தியட்சமாகத் தெரியும்: ஆரிய வைசிய சமூகத்தாருள் சிலருக்குத் தசையைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின் என்னும் மருந்தை உடைக்கும் நொதி குறைவாதலால், மயக்கம் தெளிந்த பின்னும் மூச்சு விட முடியாமல் நெடுநேரம் தவிக்க நேர்கிறது. இதை முன்பே அறிந்த வைத்தியர் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்கிறார். அறிவதனால் வரும் லாபம் இவ்வளவு எளியது.

தாய்மாமனையும், அத்தை மகனையும், மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கம் மரபியலறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேனின் கவனத்தையும் ஈர்த்தது. 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமான அம்மேதையின் தூண்டுதலால் அவர் மாணாக்கர் ஆந்திரத்தில் உறவுமுறை மணங்களை ஆராய்ந்தனர். பின்னர் 1970களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் தமிழ்நாட்டில் இவ்விஷயத்தை விரிவாக ஆராய்ந்து, கருச்சிதைவிலும் பிள்ளைப்பேற்றிலும் பெருந்தீங்கு புலப்படவில்லை என்றனர். நூற்றாண்டுகளாக நடந்துவரும் இம்மணங்கள் தீய மரபணுக்களைச் சலித்து எடுத்திருக்கலாம் என்ற அபிப்பிராயமும் அக்காலத்தில் எழுந்தது. ஆனால் இந்தச் சலிப்பு, பிறப்பிலும் இளமையிலும் கொல்லும் நோய்களுக்கே பொருந்தும். பிள்ளை பெற்று முடித்த பின் வரும் நோயை இயற்கைத் தேர்வு கண்டுகொள்வதில்லை என்பதை 1941இலேயே, நடுவயதில் தோன்றும் ஹன்டிங்டன் நோயை வைத்து ஊகித்தவரும் ஹால்டேனே. 1952இல் பீட்டர் மெடவார் அவ்வூகத்தை மூப்பு முழுவதற்கும் உரிய சித்தாந்தமாக விரித்தார்.

இச்சித்தாந்தத்துக்கு நம்மிடையே உள்ள சாட்சி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வாயிலாக உலகுக்குத் தெரிய வந்தது. இருதயத் தசையின் புரதமொன்றுக்குரிய எம்ஒய்பிபிசி-3 என்னும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம், இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இருப்பதையும், அது இருதயத் தளர்ச்சியோடு தொடர்புடையதென்பதையும் பெருந்துறை எஸ். தண்டபாணியும் சக ஆராய்ச்சியாளரும் 2009இல் அறிவித்தனர். இளமையில் ஏர் பிடிக்கவும் பாரம் சுமக்கவும் தடையேதும் செய்யாத இக்குறை, ஆண்டுகள் செல்லச் செல்லவே இருதயத்தை நலிவிக்கக்கூடும். ஆகவேதான் அது பல்லாயிரம் ஆண்டுகளாக அழியாமல் சந்ததி சந்ததியாக வந்திருக்கிறது. அதை உடையோர் அனைவருக்கும் அபாயம் சமமன்று என்றும், அதனோடு சேர்ந்து வரும் வேறொரு மாற்றமும் இதில் பங்கு கொள்கிறது என்றும் பிற்கால ஆராய்ச்சிகள் திருத்தம் சொல்லின. ஐரோப்பிய நாடுகளில் மட்டும் தேடியிருந்தால், கோடிக்கணக்கானோர் சுமக்கும் இவ்வேற்றுமை கணக்கிலேயே வந்திராது.

எபிஜெனெடிக் கடிகாரம்

மரபணுவின் எழுத்துகள் மாறாதிருக்க, அவற்றை எப்போது, எந்த உறுப்பில், எவ்வளவு வாசிப்பது என்பதை நிர்ணயிக்கும் குறிகளைப் பற்றிய இயல் எபிஜெனெடிக்ஸ். ஜக்கார்ட் தறியில் பாவு நூல் ஒன்றே ஆயினும், எந்த இழை எப்போது மேலே எழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டையே தீர்மானிப்பதைப்போல, எல்லா உயிரணுக்களிலும் ஒன்றாகவே உள்ள டி.என்.ஏ.வை ஈரலாகவும் நரம்பாகவும் வேலை செய்விப்பவை இக்குறிகளே. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது, சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் குறி. வயது ஏற ஏறச் சில இடங்களில் இக்குறி கூடுகிறது. சில இடங்களில் குறைகிறது. ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையர் சிறு பிராயத்தில் ஏறத்தாழ ஒரே குறிகளை உடையோராக இருந்து, ஐம்பதைக் கடந்தபின், அதிலும் பிரிந்து வாழ்ந்தவரிடத்தில், பெரிதும் வேறுபட்டு நிற்பதை ஸ்பெயின் நாட்டில் 2005இல் கண்டனர்.

2013இல் ஆராய்ச்சியாளர் ஸ்டீவ் ஹார்வாத், 51 வகைத் திசுக்களிலும் உயிரணுக்களிலும் 353 இடங்களின் மெத்தில் குறிகளைக் கூட்டி, சராசரியாக 3.6 ஆண்டுப் பிழைக்குள் ஒருவரது வயதைச் சொல்லிவிடும் கணிதமொன்றை, அதாவது எபிஜெனெடிக் கடிகாரத்தை, வெளியிட்டார். அதே ஆண்டில் இரத்தத்துக்கு மட்டும் உரியதாக 71 இடங்களைக் கொண்ட ஹானம் கடிகாரம் வந்தது. வயதை அறிவதில் நின்றுவிடாமல், நோயையும் மரணத்தையும் முன்னறிய 2018இல் பீனோஏஜ், 2019இல் கிரிம்ஏஜ் என்னும் கடிகாரங்கள் தோன்றின. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972, 1973இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை இன்றளவும் பின்தொடரும் ஆராய்ச்சியிலிருந்து, மூப்பு இப்போது எந்த வேகத்தில் நடக்கிறது என்று காட்டும் அளவையும் பிறந்தது. பஞ்சாங்க வயதைவிடக் கடிகார வயது கூடி நிற்பவர் விரைந்து மூப்படைகிறார் என்பது இவற்றின் பொதுக் கொள்கை.

ஜனசமூகங்களை ஒப்பிடும்போது இக்கடிகாரங்கள் கூறுவது எளிதில் பொருள்கொள்ளத் தக்கதன்று. 2016இல் ஹார்வாத் பல சமூகங்களை ஒப்பிட்டபோது, பொலிவியாக் காட்டில் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களும், அமெரிக்காவின் ஹிஸ்பானிக் மக்களும் மெதுவாகவே மூப்படைவதாகக் கடிகாரம் காட்டிற்று. ஓயாத தொற்றுநோய்களால் அவதிப்படும் சிமானே மக்களின் இருதய இரத்தக் குழாய்கள் உலகில் ஆராயப்பட்டோருள் மிகச் சுத்தமானவை என்று 2017இல் வந்த செய்தியோடு இது பொருந்துகிறது. ஆனால் அவர்களுடைய சராசரி ஆயுள் குறைவு என்பதோடு பொருந்தவில்லை. ஆப்பிரிக்கக் காட்டு மக்களான பாக்கா வகுப்பாரிடமும் கலஹாரியின் சான் வகுப்பாரிடமும் வயதோடு மாறும் மெத்தில் இடங்களுள் பல பொதுவாக இருப்பதை 2017இல் கண்டதால், மூப்பின் அடித்தளம் மானிட ஜாதி முழுவதற்கும் ஒன்றே என்பது நிச்சயம்; அதன் வேகத்தை வேறொரு சமூகத்தில் வார்த்த கருவியால் அளப்பதுதான் சந்தேகத்துக்குரியது.

சந்தேகத்துக்குக் காரணம் கருவியின் உட்பாகத்திலேயே இருக்கிறது. மெத்தில் குறியைப் படிக்கும் சில்லு, குறியற்ற சைட்டோசினை டி என்ற எழுத்தாக மாற்றிய பின்பே படிக்கிறது. ஒரு சமூகத்தில் அவ்விடத்தில் பரம்பரையாகவே டி எழுத்து இருந்தால், அதையும் குறியில்லாத இடம் என்றே சில்லு எண்ணிக்கொள்ளும்; பிறப்பிலேயே வந்த எழுத்து வேற்றுமை, வாழ்வினால் வந்த மாற்றம் போல வேஷம் போட்டுவிடும். இரத்தத்தில் வெள்ளணு வகைகளின் விகிதம் நோய்த்தொற்றால் மாறினாலும் இதே மயக்கம் நேரும். ஆகவே, ஒரு சமூகத்தின் மரபணுவைப் படிக்காமல் அதன் எபிஜெனெடிக் குறிகளைப் படிப்பது பாதிக் கண்ணால் பார்ப்பதேயாகும்.

கருவிலே தொடங்கும் கணக்கு

1944, 1945ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் பசியில் வாடிய ஹாலந்து நாட்டில், அக்காலத்தில் கருவுற்றுப் பிறந்தவர்களை அறுபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சிக்குரிய ஐஜிஎஃப்-2 என்னும் மரபணுவில் மெத்தில் குறி, உடன்பிறந்தோரைவிடக் குறைந்திருந்ததை 2008இல் கண்டனர். தாய் பட்ட பசி, பிள்ளையின் உடலில் அறுபது ஆண்டுகள் எழுதப்பட்டே இருந்தது.

நம் பக்கத்தில் இக்கணக்கைத் தொடங்கிவைத்தது மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரி. 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்த குழந்தைகளின் எடையும் நீளமும் பிரசவக் குறிப்பேடுகளில் ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டிருந்தன. அக்குழந்தைகளுள் 517 பேரை நடுவயதில் தேடிப்பிடித்துச் சோதித்து 1996இல் வெளியிட்ட முடிவின்படி, 2.5 கிலோவுக்கு மேற்படாத எடையோடு பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய இரத்தக்குழாய் நோய் இருந்தது, 3.1 கிலோவும் அதற்கு மேலும் எடையோடு பிறந்தவர்களில் அது 3 பேருக்கே இருந்தது. திருத்தணிக்கு மேற்கே வேலூர் நகரிலும் கே.வி. குப்பம் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தாய்மார் கருவுறுமுன்பே தொடங்கிக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி குறித்து வைத்தது. அவர்கள் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். புனாவைச் சார்ந்த கிராமங்களில் 1993இல் சி.எஸ். யாக்னிக் தொடங்கிய ஆராய்ச்சி, சராசரி 2.7 கிலோவே எடையுள்ள நம் குழந்தைகள் தசையில் மெலிந்தும் கொழுப்பில் மெலியாமலும் பிறப்பதைக் காட்டி, ஒல்லியான இந்தியருக்கும் நடுவயதிலேயே நீரிழிவு வருவதன் மூலத்தைக் கருப்பையிலே தேடச் செய்தது.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய பசியில், தப்பிப் பிழைத்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் நாம். ஆகவே அப்பசியின் குறி நம் உடலில் இருக்கிறது என்று சொல்லுவது கேட்க உருக்கமாக இருக்கும். ஆயினும் மனிதரிடத்தில் மெத்தில் குறிகள் பல தலைமுறை தாண்டி வருவதற்கு உறுதியான பிரமாணம் கிடைக்கவில்லை. கருவணுக்கள் உருவாகும்போது அவற்றுள் பெரும்பாலானவை அழித்து எழுதப்படுகின்றன. தாயின் பசி பிள்ளைக்கு எட்டுகிறது என்ற அளவில் நிற்பதே விஞ்ஞானத்துக்கு உகந்தது. அதுவே போதிய அளவுக்குப் பாரமான செய்தி.

வயது என்னும் அடிப்படை

கடிகாரம் எத்தனை நுட்பமானதாயினும், எந்த வயதோடு அதை ஒப்பிடுகிறோமோ அந்த வயது மெய்யாக இருக்கவேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் தேசம் முழுவதற்கும் ஒரே விதமாக இயற்றப்பட்டது. அதற்கு முன் கிராமத்தில் பிறந்த முதியோர் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் உத்தேசமாக எழுதிய தேதியே பிறந்த தேதி. பள்ளிக்கே போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. அதனால்தான் ஜனத்தொகைக் கணக்கில் அறுபதும் அறுபத்தைந்தும் எழுபதும் குன்றுபோல் குவிந்தும், அறுபத்திரண்டும் அறுபத்தேழும் பள்ளமாயும் தோன்றுகின்றன. ஐந்தாண்டு தவறாகச் சொன்ன ஒருவரை 3.6 ஆண்டுப் பிழையுடைய கருவியால் அளந்து, அவர் விரைந்து மூப்படைகிறார் என்றோ மெதுவாக மூப்படைகிறார் என்றோ தீர்ப்புச் சொல்வது நகைப்புக்கு இடமாகும். நூறு வயது கடந்தோர் நிறைந்த பிரதேசங்கள் என்று பெயர் பெற்ற இடங்கள் பல, உண்மையில் பதிவேடுகள் பழுதான இடங்களே என்று ஆராய்ச்சியாளர் சால் நியூமன் 2019 முதல் வாதித்து வருவதையும் இங்கே நினைக்கவேண்டும்.

இவ்விஷயத்தில் ஏழை பணக்காரர், கற்றோர் கல்லாதோர் என்ற பேதமில்லை. திருத்தணியில் பிறந்து தேசத்தின் ஜனாதிபதியாக உயர்ந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளாக நாம் கொண்டாடுவது 1888 செப்டம்பர் 5. எனினும் அதற்கு ஓராண்டு முன்பே, 1887 செப்டம்பரில், தாம் பிறந்ததாக அவர் கருதியதுண்டு என்று அவர் மகனும் சரித்திராசிரியருமான சர்வபள்ளி கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஊரார் அனைவரும் மறவாத சம்பவங்களை வரிசைப்படுத்தி, அவற்றைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையைக் கள ஆய்வாளர் கையாளுகின்றனர். திருத்தணி வட்டாரத்துக்கு அத்தகைய சம்பவம் ஒன்று கைவசம் இருக்கிறது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாக ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து இவ்வூர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1ஆம் நாள். 'எல்லை மாறினபோது உங்களுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா, அப்போது மூத்த பிள்ளை நடந்ததா, தவழ்ந்ததா?' என்று கேட்டால், ஒரு பாட்டியின் வயது ஓரிரண்டு ஆண்டுப் பிழைக்குள் வந்துவிடும்.

எல்லைப்புறத்தில் செய்யத்தக்கது

ஆராய்ச்சிக்குரிய அஸ்திவாரம் நம் நாட்டில் இப்போது ஓரளவு அமைந்துவிட்டது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன 72,000க்கு மேற்பட்டோரைச் சந்தித்துப் பிடியின் வலிமையும் நடையின் வேகமும்கூட அளந்து வைத்தது இந்திய முதுமை நெடுநாள் ஆய்வு. அதன் கிளை ஆராய்ச்சி, அறுபதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருப்பதாகவும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் அது அதிகம் என்றும் 2023இல் கணக்கிட்டது. அந்த முதியோருள் 2,700க்கு மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுதியும் முழுவதுமாகப் படிக்கப்பட்டுவிட்டது. பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் கோலார் ஜில்லாவின் ஸ்ரீநிவாசபுரத்தில் பதினாயிரம் கிராமத்தாரை ஆண்டாண்டாகப் பின்தொடர முனைந்திருக்கிறது. 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம், பதினாயிரம் பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்து, 2025 ஜனவரியில் பரீதாபாத்திலுள்ள தரவு மையத்தின் வாயிலாக ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட்டது.

இவற்றோடு சேர வேண்டுவது, பரம்பரையையும் வாழ்வையும் பிரித்துக் காட்டக்கூடிய இடங்களைத் தேர்ந்தெடுத்து நெடுங்காலம் பின்தொடர்வது. ஜாதி ஒன்றாய், தொழிலும் ஒன்றாய், உணவும் ஒன்றாய் இருக்கும் இடத்தில் எது காரணம், எது காரியம் என்று பிரிக்க வழியில்லை. திருத்தணி முதல் ஆந்திரத்து நகரி வரையுள்ள பிரதேசத்திலோ, தனித்தனியே மணந்து வாழும் பல சமூகங்கள், தமிழும் தெலுங்குமாக, ஒரே நிலத்தடி நீரைக் குடித்து, ஒரே வெயிலில் காய்ந்து, ஒரே சந்தை அரிசியை உண்டு வாழ்கின்றன. அன்றியும், பொதட்டூர்ப்பேட்டைத் தறியில் நாள் முழுவதும் உட்கார்ந்து உழைத்த நெசவாளியையும், கரும்பு வெட்டிய கூலியாளையும், சென்னைக்கு ரயிலேறிப் போய் உத்தியோகம் பார்த்தவரையும் ஒரே குலத்தின் ஒரே குடும்பத்திலேயே காணலாம். சமூகம் வேறாய் வாழ்வு ஒன்றானவர்களை ஒப்பிட்டால் மரபணுவின் பங்கும், சமூகம் ஒன்றாய் வாழ்வு வேறானவர்களை ஒப்பிட்டால் வாழ்வின் பங்கும் தெளியும். எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் சுகாதார நிர்வாகம் வேறு என்பதும் ஒப்பீட்டுக்கு உதவும்.

இதில் இரண்டு ஆபத்துகளை முன்னரே தடுக்கவேண்டும். ஒன்று, அகமண வழக்கத்தால் நேர்ந்த மரபணு வேற்றுமையை ஜாதியின் ஏற்றத்தாழ்வுக்கு விஞ்ஞானச் சான்றாகத் திரிப்பது. சில நோய்க் குறைகள் சில சமூகங்களில் செறிந்திருப்பது அவர்களுடைய முன்னோர் தொகை குறுகியதன் விளைவேயன்றி, அவர்களுடைய தகுதியைப் பற்றிய செய்தியன்று. மற்றொன்று, இரத்தம் கொடுத்தவர்க்குப் பயன் திரும்பாமை. அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று கொடுத்த இரத்தத்தை அவர்கள் அறியாமல் வேறு காரியங்களுக்கும் பயன்படுத்தியதால் எழுந்த வழக்கு, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஈடு கொடுத்து, மீதமிருந்த இரத்தத்தையும் திருப்பித் தந்த பின்பே முடிந்தது. சோதனையில் இரத்தக் கொதிப்போ நீரிழிவோ இருப்பதாகக் கண்டால் அன்றே சொல்லி மருந்துக்கு வழிகாட்டுவதும், பெற்ற சம்மதத்தின் எல்லையைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கொடுப்பதும் ஆராய்ச்சியின் முதற் கடமைகள்.

இதுகாறும் கூறியவற்றால் ஏற்படும் முடிபு இது. மரபணு, மூப்பின் வேற்றுமையில் ஒரு சிறு பங்குக்கே பொறுப்பாளி. ஆனால் அப்பங்கு சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவதால், பிறர் கணக்கைக் கொண்டு அதை அறிய இயலாது. மீதிப் பெரும் பங்கு கருவுற்ற பெண்ணின் உணவிலும், பிள்ளைப் பருவத்துக் கல்வியிலும், உழைப்பின் கடுமையிலும், புகையிலும் நோயிலும் அடங்கியிருக்கிறது. அவற்றைத் திருத்த எந்தக் கடிகாரத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வாசகர் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள முதியோரை உட்காரவைத்து, ஊர்ச் சம்பவங்களோடு ஒட்டி அவர்கள் பிறந்த வருஷத்தை நிச்சயித்து எழுதி வையுங்கள். வீட்டில் பிறக்கும் குழந்தையின் எடையைப் பிரசவச் சீட்டோடு தொலைத்துவிடாமல் காப்பாற்றுங்கள். மைசூர் ஆஸ்பத்திரியின் குறிப்பேடு தென்னாட்டு இருதய நோயின் மூலத்தை ஐம்பது ஆண்டுகள் கழித்துக் காட்டியதென்றால், அதற்குக் காரணம் யாரோ சில தாதிகள் அன்றன்று எடையை ஒழுங்காக எழுதியதே.